பண்டிகை வந்தால் அம்மா சிரிக்கமாட்டார்



நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்த தாய் ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அவரும் எங்களைப்போல் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். "கிறிஸ்துமஸ் வேலையெல்லாம் தொடங்கியாச்சாம்மா?" என்று வழக்கம்போலத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"டிசம்பர் வருதுன்னா பிள்ளைங்களுக்குச் சந்தோசம் டீச்சர். எனக்கு வயித்தக் கலக்குது" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டுக்குச் சாயம் அடிக்கவேண்டும். திரைச்சீலை மாற்றவேண்டும். ஆறு வகைப் பலகாரம் செய்யவேண்டும். விருந்துக்கு நாற்பது பேராவது வருவார்கள். நான்கு பிள்ளைகளுக்கும் துணி, பரிசு. இவை முடிந்த கையோடு பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப்பை. "போன வருசம் தவணைக்கு எடுத்த சோபாவுக்கே இன்னும் கட்டிக்கிட்டு இருக்கேன் டீச்சர்" என்று முடித்தார்.

அவருக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நின்ற இடத்தில் நானும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். அன்று அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் கொண்டாடாத பெற்றோர்கள் தீபாவளி என்றோ பொங்கல் என்றோ மாற்றி வாசித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பொருந்தும்.

லயத்து வீட்டுக் கிறிஸ்துமஸ்

நான் பிறந்து வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 2007ஆம் ஆண்டு அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் தலைமுறையின் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. இந்நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனை நட்டார். பயிரிட்டவர் பிரெஞ்சுக்காரர், தோட்டத்தின் பெயர் நம் தமிழ்ப் பெயர், உழைத்தவர்கள் யார் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் பால்மரங்களே மிகுதி. அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் லயத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூன்றோ நான்கோதான். மற்ற எல்லாரும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால், டிசம்பர் மாதத்தில் அந்த வேறுபாடு எங்களுக்குத் தெரிந்ததில்லை.

மூங்கிலைப் பிளந்து, பட்டக் காகிதம் ஒட்டி, ஐந்து முனை நட்சத்திரம் செய்து வாசலில் தொங்கவிடுவார் அப்பா. அதற்குள் சிறு விளக்கு எரியும். குடில் கட்டுவது பிள்ளைகளின் வேலை. லாலான் புல்லை அறுத்து வந்து கூரை வேய்வோம். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். கொட்டாங்கச்சியில் முளைக்கவைத்த பச்சைப்பயறுதான் வயல். மாட்டுக் கொட்டகையில் இருந்து வைக்கோலும், மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன் செய்து கொடுத்த களிமண் ஆடும் எங்கள் குடிலுக்கு வந்து சேரும்.

பலகாரம் சுடுவதற்கு ஒரே ஓர் இரவு. லயத்துப் பெண்கள் எல்லாரும் எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் மாவு பிசைவார். ஒருவர் முறுக்குப் பிழிவார். ஒருவர் எண்ணெய்ச் சட்டி அருகே அமர்வார். பேச்சும் சிரிப்புமாய் நள்ளிரவுக்குள் டின்கள் நிறைந்துவிடும். தீபாவளிக்கு அம்மா அவர்கள் வீட்டு அடுப்படியில் இருப்பார். இருபத்து நான்காம் தேதி இரவு, தோட்டத்து லாரியில் கோயிலுக்குப் போய்த் திருப்பலி கண்டு திரும்புவோம். குளிர் காற்றில் அம்மாவின் சேலைக்குள் ஒடுங்கிக்கொண்டு வந்த சுகத்தை இன்றும் உணர்கிறேன்.

அன்று எங்கள் அம்மா களைத்ததில்லை என்று சொல்லமாட்டேன். பால்வெட்டிவிட்டு வந்து பலகாரம் சுடுவது எளிய செயலன்று. ஆயினும் அவர் தனியாகக் களைக்கவில்லை. இன்று தாமான் வீடுகளில் ஆறு வகைப் பலகாரத்தையும் ஒருத்தியே செய்கிறாள். லயம் போய்விட்டது, லயத்துப் பெண்கள் பத்து பேர் செய்த வேலை மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இதை நாம் கவனிப்பதே இல்லை.

அந்த ஜனவரி

பழங்காலத்தை இனிமையாக மட்டும் எழுதினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். எளிமையாகத் தெரிந்த அந்தக் கிறிஸ்துமசுக்கும் ஒரு விலை இருந்தது.

சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வியாபாரி ஒருவர் தோட்டத்துக்கு வருவார். டிசம்பர் தொடங்கியதும் லயத்து வாசல்களில் மூட்டை அவிழும். கையில் காசு வேண்டியதில்லை. அவருடைய சிறிய புத்தகத்தில் பெயர் ஏறினால் போதும். தோட்ட அலுவலகத்தில் வாங்கிய முன்பணம் ஒருபுறம், துணிக் கடன் ஒருபுறம், மளிகைக் கடன் ஒருபுறம். ஜனவரிச் சம்பளம் கைக்கு வருமுன்பே கரைந்திருக்கும்.

1975ஆம் ஆண்டு எனக்கு எட்டு வயது. அந்தக் கிறிஸ்துமசுக்கு அப்பா எனக்கு மஞ்சள் நிறக் கவுன் ஒன்று எடுத்தார். கழுத்தில் வெள்ளைச் சரிகைப் பின்னல். தம்பிக்குக் கால்சட்டை, சட்டை. அக்காளுக்குப் பாவாடை, தாவணி. அக்காள் அவ்வாண்டுதான் ஆறாம் வகுப்பை முடித்திருந்தார். ஜனவரியில் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேரவேண்டும். அதற்குப் புதுச் சீருடை வேண்டும், காலணி வேண்டும், மாதந்தோறும் பேருந்துக் கட்டணம் வேண்டும்.

ஜனவரி வந்தது. அக்காள் பள்ளிக்குப் போகவில்லை. "அடுத்த மாசம் சேர்த்துடலாம்" என்றார் அப்பா. அடுத்த மாதமும் கடந்தது. பிறகு அக்காள் அம்மாவுடன் பால்காட்டுக்குப் போகத் தொடங்கினார்.

இதற்குக் கிறிஸ்துமஸ் கடன் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கூலி குறைவு. பெண்பிள்ளை தனியாகப் பேருந்தில் போவதா என்ற அச்சமும் இருந்தது. வழிகாட்ட ஆள் இல்லை. ஆனால், அந்த மாதத்தில் வீட்டில் கொஞ்சம் காசு இருந்திருந்தால் அக்காள் முதல் நாளாவது வகுப்பில் போய் அமர்ந்திருப்பார். முதல் நாள் போனவரை நிறுத்துவது கடினம். போகாதவரை மறந்துவிடுவது எளிது.

ஒரு கட்டுரைப் பயிற்சி

இவ்வளவையும் கண்டு வளர்ந்தவள், ஆசிரியரான பிறகு எளிமையாக வாழ்ந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. மாதச் சம்பளம் வந்ததும் எனக்குள் இருந்த லயத்துச் சிறுமி விழித்துக்கொண்டாள். நம் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைவாக நினைத்துவிடக்கூடாது என்ற எண்ணம் என்னை ஆட்டிவைத்தது. நவம்பர் விடுமுறை தொடங்கியதும் சுவர், திரைச்சீலை, அலமாரி என்று இறங்கிவிடுவேன். பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகள் நிறையப் பலகாரம் இருக்கவேண்டும். பிள்ளைகள் ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைத்தாலும் கத்துவேன். நள்ளிரவுத் திருப்பலியில் மறையுரையின்போது உட்கார்ந்தபடியே உறங்கியிருக்கிறேன்.

2006ஆம் ஆண்டு ஜனவரியில், பள்ளி தொடங்கிய முதல் வாரம். சக ஆசிரியை ஒருவர் தம் வகுப்பு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலைப்பு, 'நான் கொண்டாடிய பண்டிகை'. நம் மாணவர்கள் இதை எப்படி எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அதிகாலையில் எழுந்தேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், புத்தாடை உடுத்தினேன், பெற்றோரிடம் ஆசி பெற்றேன் என்று வரிசையாக வரும். ஓர் ஏட்டை மட்டும் அவர் எதுவும் பேசாமல் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அது என் மகளின் ஏடு. அவளுக்கு அப்போது பத்து வயது.

வழக்கமான வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. இரண்டாம் பத்தியில் ஒரு வரி: "பண்டிகை வந்தால் அம்மா சிரிக்கமாட்டார்." அடுத்த வரி: "பண்டிகை முடிந்ததும் அம்மா நல்லவர் ஆகிவிடுவார்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அவளிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த முறை அவள் உண்மையை எழுதமாட்டாள்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

அந்த ஆண்டே கணவரும் நானும் அமர்ந்து பேசினோம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்ற முடியவில்லை. சில பழக்கங்கள் நிலைபெற மூன்று நான்கு ஆண்டுகள் ஆயின. பயன் தந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பள்ளிப் பொருள்களே முதலில். சீருடை, காலணி, புத்தகப்பை ஆகியவற்றை வாங்கி அலமாரியில் வைத்த பிறகே பண்டிகைக்கு ஒரு வெள்ளி செலவு செய்வோம். அக்காளின் ஜனவரி எனக்குக் கற்பித்த பாடம் இது. சில ஆண்டுகள் மார்ச், பிப்ரவரி மாதங்களுக்குத் தள்ளிப்போயிருந்த பள்ளி ஆண்டின் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. பண்டிகைச் செலவும் பள்ளிச் செலவும் பழையபடி அடுத்தடுத்து வருகின்றன. பெற்றோரின் வருமானம் பாராமல் 2023 முதல் மாணவர்களுக்கு வழங்கப்படும் 150 வெள்ளித் தொடக்க உதவி, சரவிளக்குக்கும் பட்டாசுக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இரண்டாவது, செலவுத் தொகையைப் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்துவது. ஓர் உறையில் பணத்தை வைத்து, "இவ்வளவுதான் நம் கிறிஸ்துமஸ்" என்று காட்டினோம். உறை தீர்ந்தால் கடை மூடப்படும். இதை நான் வகுப்பிலும் கணிதப் பாடமாக்கியிருக்கிறேன். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. அப்படியானால் 150 வெள்ளிக்கு வாங்கும் அலங்காரம் ஒருவருடைய எத்தனை நாள் உழைப்பு? பிள்ளைகள் தாமாகவே கணக்குப் போட்டு, "ரெண்டு நாளுக்கு மேல டீச்சர்" என்பார்கள். அதன் பிறகு நாம் போதிக்க வேண்டியதே இல்லை.

மூன்றாவது, பலகாரம் இரண்டே வகை. முறுக்கும் நெய் உருண்டையும் வீட்டில் செய்வோம். மாவு பிசைவது முதல் டின்னில் அடுக்குவது வரை கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. அக்கம்பக்கத்துச் சகோதரிகள் இருவரையும் அழைத்துக்கொள்வேன். ஒருவர் தெலுக் பியாவிலிருந்து வந்த மலாய்க்காரர். அவர் தம்முடைய குவே அச்சைக் கொண்டு வருவார்; எங்கள் வீட்டு முறுக்குக் குழலை நோன்புப் பெருநாளுக்கு வாங்கிப் போவார். காணாமற்போன லயத்தை இப்படித்தான் ஓரளவு மீட்டுக்கொண்டேன்.

நான்காவது, திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளையும் பங்கிட்டுக்கொள்வது. முதல் ஞாயிறு, வீட்டைக் கழிப்பது. தேவையற்றதை எடுத்துக் கொடுத்துவிடுவது. இரண்டாம் ஞாயிறு, குடில். மூன்றாம் ஞாயிறு, பலகாரம். நான்காம் ஞாயிறு, தனியாக இருக்கும் முதியவர் ஒருவரைப் போய்ப் பார்ப்பது. இருபத்து நான்காம் தேதி மாலை ஐந்து மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவேன். ஆகாதது ஆகாததாகவே இருக்கட்டும்.

ஐந்தாவது, விருந்து. கிறிஸ்துமஸ் நாளன்று குடும்பம் மட்டும். நண்பர்களுக்கு அடுத்து வரும் ஞாயிறு மாலையில் தேநீரும் பலகாரமும். ஒரு பிள்ளைக்கு ஒரே பரிசு.

இதைச் சொன்னபோது உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். "ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, என்ன கஞ்சத்தனம்?" என்று கேட்டவர்களும் உண்டு. முதல் ஆண்டு எனக்கு மிகவும் கூச்சமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டு அவர்களே, "உங்க வீட்டுக்கு வந்தா உக்காந்து பேச முடியுது" என்றார்கள்.

குடிலின் கதையைப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் சொல்வேன். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்பை மக்கள் கண்ணால் காணவேண்டும் என்று விரும்பினார். அவர் ஏற்பாடு செய்தவை ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. இன்று உலகெங்கும் வைக்கப்படும் குடில்களுக்கு அந்த இரவே முன்னோடியாயிற்று. நம் வீரமாமுனிவரும் தேம்பாவணியின் 3,615 பாடல்களுக்கும் தலைவனாகத் தேர்ந்தெடுத்தது தச்சுத் தொழிலாளியான சூசையப்பரைத்தான். வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயரும் சூட்டினார். தங்க இடமின்றி அலைந்த ஓர் உழைப்பாளியின் குடும்பக் கதையைக் கொண்டாட நாம் தவணைக்குச் சோபா எடுக்கிறோம் என்று சொன்னால் பெரிய வகுப்பு மாணவர்கள் சிரித்துவிடுவார்கள்.

2021 டிசம்பர்

அக்காளின் வீடு ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்தது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையை நம் சிலாங்கூர் மக்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அக்காளும் மாமாவும் மேல்மாடியில் ஒன்றரை நாள் காத்திருந்து, தன்னார்வலர் ஒருவரின் படகில் வெளியே வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அக்காளின் கையில் ஒரு நெகிழிப்பை மட்டும் இருந்தது. புதுத் திரைச்சீலை, பலகார டின்கள், குளிர்பெட்டி எல்லாம் சேற்றில்.

அந்த ஆண்டுக் கிறிஸ்துமசுக்கு முறுக்கு ஒன்றுதான் செய்தோம். இருபத்து நான்காம் தேதி மதியம், அக்காள் பிழிய நான் சட்டியருகே நின்றேன். நாற்பத்தாறு ஆண்டுகளாகக் கேட்காததை அன்று கேட்டேன்.

"அக்கா, அந்த வருசம் உனக்குப் பள்ளிக்கூடம் போகணும்னு ஆசை இல்லையா?"

அக்காள் கையை நிறுத்தவில்லை. "இருந்துச்சு" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்த மஞ்சக் கவுனை நீ மூணு வருசம் போட்டே. அதைப் பாக்குறப்பல்லாம் என் பஸ் காசு ஞாபகம் வரும்" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரே தொடர்ந்தார்: "அப்பாவைக் குத்தம் சொல்லாதே. எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் புதுசு போட்டு நிக்கையில நம்ம பிள்ளைங்க மட்டும் பழசுல நிக்கக்கூடாதுன்னு நெனச்சாரு. பாசந்தான். யாராவது ஒருத்தர், 'இந்த வருசம் வேணாம்யா, பிள்ளையப் படிக்க வை'ன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு."

அந்த ஒருவர் யாராக இருந்திருக்கலாம் என்று அன்று முதல் யோசித்து வருகிறேன். தோட்டத்தில் அப்பா மதித்த மனிதர்கள் இருவர். ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்த சாமியார். மற்றவர் எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால், இன்று அந்த ஆசிரியரின் இடத்தில் நாம் இருக்கிறோம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

ஆசிரிய நண்பர்களே, விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் "பண்டிகைக்கு என்ன வாங்கினீர்கள்?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். கை தூக்காத நான்கு பேரை அந்தக் கேள்வி தலைகுனிய வைக்கும். அந்த நான்கு பேரின் தந்தை அடுத்த ஆண்டு கடன் வாங்குவார். "வீட்டில் யாருக்கு என்ன உதவி செய்தீர்கள்?" என்று கேளுங்கள். எல்லாக் கையும் உயரும். பள்ளி ஆண்டு முடியுமுன் நடக்கும் பெற்றோர் சந்திப்பில், புதிய ஆண்டுக்கு ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம், இடைநிலைப் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று நேரிலேயே பேசிவிடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் நம் திரைச்சீலையை நினைவில் வைப்பதில்லை. நம் முகத்தை நினைவில் வைக்கிறார்கள். என் மகளுக்கு இப்போது குழந்தை இருக்கிறது. சென்ற கிறிஸ்துமசுக்கு வந்தபோது குடிலுக்கு லாலான் புல் வேண்டும் என்று மகனை அழைத்துக்கொண்டு சாலையோரம் போய்விட்டாள். நான் திண்ணையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள், எதையும் சொல்லவில்லை.

பள்ளி வாசலில் பேசிய அந்தத் தாயை நாளை மறுநாள் மீண்டும் பார்ப்பேன். "முறுக்குப் பிழிய ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்" என்று முதலில் சொல்லப்போகிறேன். பிறகு, "இந்த ஆண்டு திரைச்சீலை வேண்டாம் அம்மா, முதலில் காலணி வாங்குங்கள்" என்பேன்.

இறையருளும் எளிய மகிழ்ச்சியும் உங்கள் இல்லத்தில் தங்குவதாக.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை